பெயர் மறைத்த கவிதைகள்



ஒரு கவிதை சிறந்ததென்று நாம் எதனால் அறிகிறோம்? கவிதையைப் படித்தா, பாடியவரின் பெயரைக் கேட்டா?

1920களில், இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையில் ஐ. ஏ. றிச்சட்ஸ் என்னும் விரிவுரையாளர் இதனைச் சோதித்துப் பார்த்தார். சில கவிதைகளை அச்சிட்டு மாணாக்கரிடம் கொடுத்தார். ஆக்கியோன் பெயரையோ காலத்தையோ குறிக்கவில்லை. ஒரு வாரம் வைத்திருந்து, பன்முறை படித்து, தத்தம் கருத்தை எழுதித் தருமாறு கேட்டார். அவர்களிற் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே சிறப்புப் பாடமாகப் பயின்றவர்கள்.

விளைவு அவரைத் திகைக்க வைத்தது. பெரும் புகழ் வாய்ந்த ஜோன் டன்னின் கவிதையைப் பலர் விளங்காது தள்ளினர். லோங்பெலோவின் கவிதையை ஏறக்குறைய எல்லோருமே இகழ்ந்தனர். 13 கவிதைகளையும் அவற்றுக்கு வந்த விடைகளையும் ஆராய்ந்து, 1929இல் றிச்சட்ஸ் நூலாக வெளியிட்டார்.

மாணாக்கரின் தவறுகளை அவர் வகைப்படுத்தினார். முதலாவது, வாக்கியத்தின் நேர்ப்பொருளே விளங்காமை. அடுத்தது, கவிதையை விட்டுத் தம் சொந்த நினைவுகளிற் சென்றுவிடுதல். இன்னொன்று, முன்னரே ஆயத்தமாயிருக்கும் உணர்ச்சியை எடுத்து நீட்டுதல். மரணம் என்ற சொல்லைக் கண்டதும், கவிஞன் என்ன சொல்கிறான் என்று பாராமலே கண்ணீர் வடிப்பது இவ்வகையைச் சேரும்.

சொல்லின் பொருள் ஒன்றன்று என்றும் றிச்சட்ஸ் காட்டினார். கூறும் செய்தி, கூறுவோனின் உணர்ச்சி, கேட்போனிடம் அவன் கொள்ளும் தொனி, அவனது நோக்கம் என அது நால்வகைப்படும். தண்ணீர்க் குடத்தைப் போட்டுடைத்த மகனை நோக்கி, "நீ வெகு கெட்டிக்காரன்" என்று தாய் கூறினால், அதைப் பாராட்டென்று யாரும் கொள்வரோ? வீட்டிலே இவ்வளவு நுட்பமாகக் கேட்கும் செவி, வகுப்பிலே கவிதையின் முன் அடைத்துப்போகிறது.

ஆயின், எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் கவிதை விளங்கிவிடுமா? அதுவும் இல்லை. டன்னின் அக்கவிதை, உலகின் நான்கு மூலைகளிலும் தேவதூதர் நிற்கும் விவிலியக் காட்சியை நினைவூட்டுகிறது. உலகம் உருண்டை என்பதையும் அக்கவிஞர் அறிவார். உருண்டைக்கு மூலை ஏது? விவிலியத்தை அறியாத மாணவனுக்கு இந்த நயம் எட்டாது. அந்த அறிவை ஆசிரியர் வழங்கவே வேண்டும்.

ஆசிரியர் வழங்கக் கூடாதது தீர்ப்பு ஒன்றே. "இது மகத்தான கவிதை" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மாணவன் அதை எழுதிக்கொள்வான், கவிதையைப் படிக்கமாட்டான். பரீட்சையில் அவ்வசனம் மதிப்பெண் பெறலாம்; அவனுக்கோ ஒரு கவிதை என்றென்றைக்கும் இழப்பாகிவிடும்.

ஆகவே, முதலிற் கவிதையை இருமுறை உரக்கப் படியுங்கள். அதன் பொருளை மாணவன் தன் சொந்த வசனத்திற் சொல்லட்டும். யார், யாரிடம், எந்த மனநிலையிற் பேசுகிறார் என்று கேளுங்கள். அதன்பின் அவன் தன் கருத்தைக் கூறட்டும். காரணத்தையும் கவிதையிலிருந்தே காட்டட்டும். கவிஞரின் பெயரை இறுதியிற் சொன்னாலும் குற்றமில்லை.