பேசிய விலையும் பின்னர் வந்த விலையும்

வீடு விற்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ நிகழும் காரியம். துணியும் நெல்லும் மஞ்சளும் ஆண்டுதோறும் விற்கிறோம். ஒரு பருவத்தில் விலை தவறினால் மறு பருவத்தில் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டு விஷயத்தில் அந்த வசதி இல்லை. ஆதலால்தான், விலை பேசி முடிந்த பிறகு வேறொருவர் வந்து, "நான் கூடுதலாகத் தருகிறேன்" என்று சொல்லும்போது விற்பவர் மனம் தடுமாறுகிறது. கடனை அடைக்கவோ, மகளின் திருமணத்தை நடத்தவோ வீட்டை விற்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அற்பத் தொகை அன்று. நல்ல விலையை விரும்புவது குற்றமும் அன்று. எனினும், அந்த விலையை ஏற்கும் உரிமை அப்போது தம்மிடம் இருக்கிறதா என்பதையே அவர் முதலில் ஆராய வேண்டும். அதற்கு விடை, பேச்சு எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நிலைகள் மூன்று.

முதல் நிலையில், விலை கேட்டிருக்கிறார்கள், வாக்குக் கொடுக்கவில்லை, அச்சாரமும் வாங்கவில்லை. இங்கே விற்பவர் முழுச் சுதந்திரம் உடையவர். ஆயினும் பெரிய தொகையைச் சொன்னவரே சிறந்தவர் என்று கொள்ளலாகாது. பணம் எங்கிருந்து வரும்? வங்கிக் கடன் எனில் அது அனுமதியாகிவிட்டதா? எத்தனை நாளில் கிரயம் பதிவாகும்? இக்கேள்விகளை இருவரிடமும் கேட்க வேண்டும். கூடுதல் தொகையைக் கணக்கில் வராத ரொக்கமாகத் தருவதாக ஒருவர் சொன்னால் அது கூடுதல் விலையே அன்று. வீடு, நிலம் விற்பனைக்காக ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டப்படி பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. மீறி வாங்கியவருக்கு வாங்கிய தொகையளவே தண்டம் விதிக்கவும் இடமுண்டு.

இரண்டாம் நிலையில், வாக்குக் கொடுத்தாயிற்று. சிறு தொகை அச்சாரமாகவும் கைமாறியிருக்கிறது. எழுத்து மட்டும் இல்லை. வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம் என்று தரகர்கள் தைரியம் சொல்லக்கூடும். கடினம் என்பது உண்மையே. ஆனால் வாங்க வந்தவர் அந்த வாக்கை நம்பி என்ன செய்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் நகையை அடகு வைத்திருக்கலாம். குடியிருந்த வீட்டைக் காலி செய்ய ஒப்பியிருக்கலாம். தறி போட இடம் இருக்கிறது என்று நம்பியே இந்த வீட்டைத் தேர்ந்திருக்கலாம். அவ்வாறு அவர் காரியத்தில் இறங்கிவிட்டபின் வாக்கை மாற்றுவது, நம்முடைய லாபத்தை அவருடைய நஷ்டத்திலிருந்து எடுப்பதாகும். நாளும் ஒருவரை ஒருவர் நம்பியே தொழில் நடத்தும் ஊரில் இதன் விலை ரூபாயோடு முடிவதில்லை.

மூன்றாம் நிலை, கிரய உடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்ட நிலை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, உடன்படிக்கை மாத்திரத்தால் வாங்குபவருக்கு வீட்டில் உடைமை உரிமை உண்டாவதில்லை. இதைக் கேட்டுச் சிலர், "பத்திரம் பதியும் வரை வீடு என்னுடையதுதானே!" என்று துணிந்துவிடுகின்றனர். அது பாதி உண்மையே. ஒப்பந்தப்படி வீட்டை எழுதித் தருமாறு நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை வாங்குபவருக்குப் பிறந்துவிட்டது. 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் கீழ் அவ்வாறு ஆணையிடுவது முன்பு நீதிபதியின் விருப்புரிமையைச் சார்ந்திருந்தது. 2018-இல் செய்த திருத்தத்திற்குப் பின், சட்டம் கூறும் விலக்குகள் நீங்கலாக, ஆணையிட்டே ஆகவேண்டும். மீதிப் பணத்துடன் தாம் ஆயத்தமாகவும் விருப்பத்துடனும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும். வழக்குத் தொடுக்க, குறித்த கெடு நாளிலிருந்து அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

இரண்டாமவர் பெயருக்குப் பத்திரம் முடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். முந்தைய உடன்படிக்கையை அறிந்து வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் தெரியும். ஆகவே "அறியாமல் வாங்கினேன்" என்ற வாதம் நிற்காது. பதியாமல் விட்ட உடன்படிக்கையையும் இத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்துள்ளது.

இனி கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டை ரூ. 18,00,000-க்குப் பேசி உடன்படிக்கை எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பின்னர் ஒருவர் ரூ. 19,50,000 தருவதாக வருகிறார். வித்தியாசம் ரூ. 1,50,000. விற்பவருக்கு ரூ. 6,00,000 கடன் இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. முதலாமவர் வழக்குத் தொடுத்து விற்பனைக்குத் தடை வாங்கி, வழக்கு மூன்று ஆண்டு நடந்தால், வட்டி மட்டும் ரூ. 2,16,000 ஆகிவிடும். வழக்கறிஞர் கட்டணமும் அலைச்சலும் தனி. இத்தனைக்கும் பிறகு, பழைய விலைக்கே எழுதிக் கொடு என்று தீர்ப்பு வரவும் கூடும். கிடைக்காத பலாக்காயை நம்பிக் கைக்களாக்காயை விடலாகாது என்ற முதுமொழி இங்கே கணக்காகவே நிற்கிறது.

அப்படியானால் கூடுதல் விலைக்கு வழியே இல்லையா? நேர்மையான வழி ஒன்று உண்டு. முதலாமவரிடம் நேரில் சென்று உள்ளதை உள்ளபடி கூறி, மனம் ஒப்பி விலகுவாரா என்று கேட்கலாம். அவர் மறுத்தால் அத்துடன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இசைந்தால் முன்பணத்தை முழுமையாகத் திருப்பி, அவர் செய்த செலவுக்கும் பட்ட சிரமத்திற்கும் கூடுதல் தொகையிலிருந்து ஒரு பங்கு தருவதே நியாயம். பதிவான உடன்படிக்கையாயின், இருவரும் கையொப்பமிட்ட ரத்துப் பத்திரத்தைப் பதிந்த பின்னரே இரண்டாமவரிடம் ஒரு ரூபாயேனும் வாங்கலாம்.

முதலாமவர் கெடுவுக்குள் பணம் செலுத்தவில்லை எனில் நிலைமை வேறு. அப்போதும், கெடு கடந்த மறுநாளே ஒப்பந்தம் ஒழிந்தது என்று எண்ணலாகாது. வீடு, நில விற்பனையில் கெடுவையே ஒப்பந்தத்தின் உயிராக நீதிமன்றங்கள் எளிதில் கொள்வதில்லை. எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்து, வழக்கறிஞரைக் கலந்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

இவ்விடர் நேராமல் காப்பது, விற்கத் தொடங்கும்போதே செய்யும் ஏற்பாடு. அக்கம் பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரித்து, குறைந்த பட்ச விலை ஒன்றை வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். "இன்ன தேதி வரை விலை கேட்கப்படும், அதன்பின் முடிவு" என்று வந்தவர் அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் அச்சாரம் வாங்கலாகாது. உடன்படிக்கையில் விலை, முன்பணம், கெடு, தவறினால் என்ன என்பவை ஐயமின்றி எழுதப்பட வேண்டும். வீட்டின் பேரில் கூட்டுறவு வங்கிக் கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

வாக்குக் கொடுக்கும் முன் எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசிக்கலாம், பேரமும் பேசலாம். கொடுத்த பின் வரும் கூடுதல் விலை, முதலாமவர் மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தாலன்றி நம்முடையது ஆகாது. வீட்டை விற்க நினைக்கும் அங்கத்தினர்கள் அச்சாரத்திற்குக் கை நீட்டும் முன்பே இதை எண்ணிப் பார்ப்பார்களாக.