குழந்தையைக் கடிவதா, கடைத்தெருவைத் திருத்துவதா?

திருமண வீடு ஒன்றில் விருந்து நடைபெறுகிறது. பருத்த உடலுடைய பத்து வயதுச் சிறுவன் இன்னும் ஒரு குவளை குளிர்பானம் கேட்டுக் கையை நீட்டுகிறான். “இந்த உடம்புக்கு இன்னுமா வேண்டும்?” என்று பெரியவர் ஒருவர் கேட்க, சுற்றியிருந்தோர் சிரிக்கின்றனர். சிறுவன் நீட்டிய கையை மடக்கிக் கொள்கிறான். அவனைப் பெற்ற தாய் தலை குனிகிறாள். ஆனால், அந்தக் குளிர்பானத்தை விருந்தில் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சிந்திக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

பசியின் இடத்தில் பருமன்

பிள்ளைகளின் நலம் என்றாலே பசியையும் பஞ்சத்தையும் எண்ணிக் கலங்கியது சென்ற தலைமுறை. இன்று அதனோடு வேறொரு சுமையும் சேர்ந்துள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 1990 ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 8 பேரே மிகை எடை உடையோராய் இருந்தனர். 2022 ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 20 ஆயிற்று. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுள் எடை குறைந்தோரைவிட உடற்பருமன் உடையோரின் விகிதம் உலக அளவில் முதன்முறையாக மிகுந்துவிட்டது என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் 2025 ஆம் ஆண்டில் அறிவித்தது.

இது அழகு பற்றிய கவலையன்று. இளமையில் ஏறிய பருமன் பெரும்பாலும் முதுமை வரை உடன் வருகிறது. நீரிழிவும், இரத்த அழுத்தமும், இதய நோயும் அதன் பின்னே வருகின்றன.

முப்பது ஆண்டுகளுக்குள் உலகத்துப் பிள்ளைகள் அனைவரும் திடீரெனப் பேராசைக்காரராகி விட்டனரா? அன்னையர் அனைவரும் அறிவிழந்து விட்டனரா? இல்லை. குழந்தையின் நாக்கு அன்று போலவே இன்றும் இனிப்பை நாடுகிறது. மாறியது அதனைச் சூழ்ந்துள்ள உலகம். 300 மில்லி லிட்டர் கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உள்ளது. ஏழெட்டுத் தேக்கரண்டிக்கு அது சமம். அத்தகைய பானம் பள்ளி வாயிலிலேயே கிடைக்கிறது. அதனை வாங்கும்படி வண்ணப் படங்களும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இடைவிடாது அழைக்கின்றன. ஓடி விளையாடிய திடல்களோ வீட்டு மனைகளாயின.

பொறுப்பு யாருக்கு?

உண்ணவும் பருகவும் இசைவளித்த திருமறை, வரம்பு மீறுவதையும் உடனே விலக்குகிறது. வயிற்றை மூன்றாகப் பகுத்து, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒவ்வொரு பங்கை ஒதுக்கும் வழியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிச் சென்றார்கள். ஆயினும், வரம்பு இன்னதென அறியும் பருவம் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. அதற்காக வரம்பு காப்பவர் பெரியவரே. நாட்டை ஆள்வோர் முதல் இல்லத்தை ஆளும் அன்னை வரை ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பிலுள்ளோர் குறித்து வினவப்படுவர் என்பதும் பெருமானாரின் போதனையே. அந்தப் போதனையில் ஆட்சியாளரும் உண்டு, அன்னையும் உண்டு. நாமோ அன்னையை மட்டும் விசாரணைக் கூண்டில் நிறுத்திவிட்டு, ஏனையோரை விடுவித்து விடுகிறோம்.

ஏனையோரும் தம் பங்கை ஏற்றால் என்ன நிகழும் என்பதற்குச் சில நாடுகள் சான்று தருகின்றன.

ஆம்ஸ்டர்டாம் காட்டிய வழி

நெதர்லாந்தின் தலைநகரான ஆம்ஸ்டர்டாமில் 2012 ஆம் ஆண்டில் ஐந்து பிள்ளைகளுள் ஒருவர் மிகை எடை கொண்டிருந்தார். வறுமை மிகுந்த பகுதிகளிலும், துருக்கி, மொராக்கோ, சூரினாம் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோரின் இல்லங்களிலும் இக்குறை மிகுந்து காணப்பட்டது. நகராட்சி அம்மக்களைப் பழிக்கவில்லை. எரிக் வான் டெர் பர்க் என்னும் நகராட்சித் தலைவர்களுள் ஒருவர் முன்னின்று, ஒரு தலைமுறைக் காலத்துக்கான திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2033 ஆம் ஆண்டுக்குள் நகரத்துப் பிள்ளைகள் அனைவரும் நல்ல எடையுடன் திகழ வேண்டும் என்பது அதன் இலக்கு.

நல்லுணவு, உடலுழைப்பு, போதிய உறக்கம் ஆகிய மூன்றையும் அத்திட்டம் ஒருங்கே வலியுறுத்தியது. திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் இனிப்புப் பானங்களுக்கு இடமில்லை. தண்ணீரும் பாலுமே இடம்பெற்றன. பிறந்தநாளுக்கு இனிப்பு வழங்கும் வழக்கமும் மாற்றப்பட்டது. மிகப் பருத்த பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சுகாதாரச் செவிலியர் துணை நின்றனர். துரித உணவு நிறுவனங்களின் பணத்தில் நடைபெறும் விழாக்களுக்கு நகராட்சி தன் ஆதரவை மறுத்தது. 2018 முதல் மெட்ரோ நிலையங்களில் பிள்ளைகளைக் கவரும் தீய உணவு விளம்பரங்களும் விலக்கப்பட்டன.

2012 இல் நூற்றுக்கு 21 ஆக இருந்த மிகை எடைப் பிள்ளைகளின் விகிதம், 2015 இல் 18.5 ஆகக் குறைந்தது. இச்சரிவு முழுவதும் அத்திட்டத்தின் பயனே என அறுதியிட்டுரைத்தல் அரிது. ஆயினும், சுமையைத் தாயின் தோளிலிருந்து இறக்கி, ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்ட அந்த முறை உலகின் கவனத்தை ஈர்த்தது.

சட்டத்தின் துணை

தென் அமெரிக்காவின் சிலி நாடு சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. மருத்துவரும் செனட் உறுப்பினருமான கீதோ ஹிரார்தி பல்லாண்டுகள் போராடியதன் பயனாக, 2016 ஜூன் மாதத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி ஆகியவை மிகுந்த பண்டங்களின் உறைமீது கறுப்பு எண்கோண முத்திரை பொறிக்கப்பட வேண்டும். அத்தகைய உறைகளில் பிள்ளைகளை மயக்கும் கேலிச்சித்திர உருவங்கள் இடம்பெறலாகா. பள்ளிகளில் அவற்றை விற்கவும் கூடாது. சட்டம் வந்த ஒன்றரை ஆண்டுக்குள், முத்திரை பெறத்தக்க இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வு கூறியது.

சவூதி அரேபியா 2017 ஜூன் மாதத்தில் வாயு நிறைந்த குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடும், ஊக்க பானங்களுக்கு 100 விழுக்காடும் வரி விதித்தது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி விதித்தது. வரிக்கு அஞ்சிய பல நிறுவனங்கள், தம் பானங்களில் சர்க்கரையைத் தாமே குறைத்துக்கொண்டன. உபதேசம் செய்யாததை வரி செய்தது!

நம் வாயிலில் உள்ள சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்றலாகாது. அன்றாட உணவில் ஒளிந்துள்ள சர்க்கரையின் அளவை எடுத்துக்காட்டும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 ஆம் ஆண்டில் தன் பள்ளிகளைப் பணித்தது.

விதி ஏட்டில் உள்ளது, வாயிலில் உள்ளதா? மாலையில் தன் பிள்ளையை அழைத்துவரச் செல்லும் தந்தை, பள்ளி வாயிலிலிருந்து ஐம்பது மீட்டர் நடந்து பார்க்கட்டும். விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் முறையன்று. நம் மஹல்லா ஜமாஅத்துகள் இயற்றக்கூடியவை பல. மதரஸாவில் பிள்ளைகள் எளிதில் பருகும்படி குளிர்ந்த குடிநீர்ப் பானை வைக்கலாம். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்கு மிட்டாய்ப் பொட்டலத்துக்கு மாறாகப் பேரீச்சம்பழமும் நூலும் பரிசளிக்கலாம். நோன்பு திறக்கும் விரிப்பில் வண்ணப் பானங்களைக் குறைத்துக் கஞ்சியையும் கனிகளையும் பெருக்கலாம். வெறுமனே கிடக்கும் பொது நிலத்தை மாலை வேளையில் பிள்ளைகள் விளையாடத் திறந்துவிடலாம். அதில் பெண் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அவர்களும் ஓடி ஆட வேண்டிய குழந்தைகளே. பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து விதியை நினைவூட்டவும் ஜமாஅத் நிர்வாகிகள் தயங்கலாகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் செய்ய வேண்டும். பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சூட்டி அழைக்கும் வழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும். ஏளனம் எவரையும் மெலியச் செய்வதில்லை; பிள்ளையைத் தனிமையில் ஒதுங்கி மேலும் உண்ணவே அது தூண்டுகிறது.

மக்கட்செல்வம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த திருமண விருந்தில் ஒரு சிறுவன் கையை நீட்டும்போது, நாம் அவன் வயிற்றை நோக்க வேண்டாம். அவன் முன்னே நாம் வைத்திருப்பதை நோக்குவோம். அங்கே இருப்பது தூய தண்ணீராயின், அவன் கையை மடக்க வேண்டியதில்லை; அவன் தாயும் தலை குனிய வேண்டியதில்லை.