மாநாட்டு அரங்கில் பயண எழுத்தாளர்

பயண எழுத்தாளர் என்றதும் தோளில் பையும் கையில் குறிப்பேடுமாக ஊர் ஊராகச் செல்லும் ஒருவரே நினைவுக்கு வருவார். குளிரூட்டப்பட்ட அரங்கில் கழுத்தில் அடையாள அட்டையுடன் அமர்ந்து, நிறுவனத் தலைவர்களின் உரையைக் கேட்பதும் அவருடைய பணியில் அடங்கும். அமெரிக்காவின் மயாமி பீச் நகரில், பெரும்பாலும் இளவேனிற்காலத்தில் நடைபெறும் 'சீட்ரேட் குரூஸ் குளோபல்' மாநாடு அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். சுற்றுலாக் கப்பல் தொழிலில் ஈடுபட்டோர் ஒன்றுகூடும் பெருஞ்சந்தை அது.

மயாமிக்கும் இத்தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1950களின் இறுதியில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கின. அதன்பின் கண்டம் விட்டுக் கண்டம் செல்லக் கப்பலை நாடுவோர் குறைந்தனர். வேலையிழந்த கப்பல், பயணிகளைக் கொண்டு சேர்க்கும் ஊர்தி என்னும் நிலையிலிருந்து மாறி, தானே சென்று தங்கும் இடமாயிற்று. வெதுவெதுப்பான கரீபியன் கடலுக்கு அருகிலுள்ள மயாமி இம்மாற்றத்தின் மையமாக வளர்ந்தது. 1970இல் 'சாங் ஆஃப் நார்வே' என்னும் கப்பல் இங்கிருந்து சுற்றுலாப் பயணத்தைத் தொடங்கியது. 2024 ஜனவரியில் இதே துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்', 20 தளங்கள் கொண்ட மிதக்கும் நகரம். கொள்ளளவில் அது டைட்டானிக்கைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது.

மாநாட்டின் பெரிய மேடையில் நிறுவனத் தலைவர்கள் தொழிலின் நிலையை எடுத்துரைப்பர். எழுத்தாளரை முதலில் திகைக்க வைப்பது அங்கு வழங்கும் மொழி. 'இவ்வாண்டு எங்கள் கப்பல்கள் நூறு விழுக்காட்டுக்கு மேல் நிரம்பின' என்று ஒருவர் கூறக்கூடும். நூறு பேர் அமரும் பேருந்தில் நூற்றைந்து பேர் தொங்கிச் செல்வது போன்ற காட்சி நம் கண்முன் விரியும். உண்மை வேறு. ஓர் அறைக்கு இருவர் என்பதே இத்தொழிலின் கணக்கு. அறையின் மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் குழந்தைகள் தங்கினால் கணக்கு நூறைத் தாண்டிவிடும். 'ஐகான்' கப்பலில் அறைக்கு இருவர் வீதம் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பேர். ஒரே கப்பலுக்கு இரண்டு எண்கள்! எந்த எண் எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்பதை அறியாத எழுத்தாளர், விளம்பரத் தாளில் உள்ளதை அப்படியே படியெடுத்துவிடுவார்.

மேடையை விட்டுக் கண்காட்சிக் கூடத்திற்குள் நுழைந்தால் கற்பதற்கு இன்னும் மிகுதியாக உண்டு. மெத்தை விற்போர், உயிர்காப்புப் படகு செய்வோர், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்போர் ஒருபுறம். தங்கள் ஊருக்குக் கப்பல் வரவேண்டும் என்று அழைக்கும் துறைமுகங்களும் நாடுகளும் மறுபுறம். பயணி தன் கனவுக்கேற்ப ஊரைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணுகிறார். அவ்வூரைப் பயணத் திட்டத்தில் சேர்ப்பதா என்பதோ, துறைமுகக் கட்டணம், எரிபொருட் செலவு, கரையில் ஈட்டக்கூடிய வருவாய் ஆகியவற்றைக் கொண்டு நெடுநாள்களுக்கு முன்பே முடிவு செய்யப்படுகிறது. பயணச்சீட்டின் விலை வருவாயின் ஒரு பகுதிதான். பானங்கள், சூதாட்டக் கூடம், இணைய வசதி, கரைச் சுற்றுலா ஆகியவற்றிற்குப் பயணி தனியே செலவிடும் தொகை மற்றொரு பெரும்பகுதி. கப்பல் நிறுவனங்கள் பகாமாஸ் தீவுக்கூட்டத்தில் தமக்கெனத் தனித் தீவுகளை அமைத்துக்கொண்டதன் காரணம் இங்கே விளங்கும். அங்குப் பயணி வாங்கும் பொருளின் விலையில் பெரும்பகுதி உள்ளூர்க் கடைவீதிக்குச் செல்லாமல் நிறுவனத்திடமே திரும்புகிறது.

பாதி உண்மைகளும் இக்கூடத்தில் மிகுதி. புதிய கப்பல்கள் பல திரவ இயற்கை எரிவாயுவால் இயங்குகின்றன. அதனால் கந்தகப் புகை பெரிதும் குறைகிறது. கரியமில வாயுவும் குறைகிறது. இதனை விளம்பரம் உரக்கச் சொல்லும். எரியாமல் கசியும் மீத்தேன், வெப்பத்தைத் தக்கவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது என்பதை யாரேனும் கேட்டால்தான் சொல்வர்.

கேட்கும் உரிமை தமக்கு உண்டா என்னும் ஐயம் எழுத்தாளருக்கே எழுவதுண்டு. மாநாட்டிற்குள் கட்டணமின்றி விடப்பட்டவர், நாளை இலவசப் பயணத்திற்கும் அழைக்கப்படலாம். இது புதிய சிக்கலன்று. 1844இல் ஆங்கில எழுத்தாளர் தாக்கரே, பி அண்ட் ஓ நிறுவனம் அளித்த இலவசச் சீட்டில் மத்திய தரைக்கடலைச் சுற்றிவந்தார். 1846இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையிலேயே அவர் அதனை ஒளிக்காமல் எழுதினார். 1867இல் 'குவேக்கர் சிட்டி' கப்பலில் சென்ற மார்க் ட்வெய்னுக்கு, சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று 1,250 டாலர் கட்டணத்தைச் செலுத்தியது. உடன்வந்த பயணிகளையும், வழிபாட்டுக்குரியனவாகப் போற்றப்பட்ட இடங்களையும் அவர் தயங்காமல் நகையாடினார். சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை வாசகர் அறிந்திருந்தால், எழுத்தை எடைபோடும் உரிமை அவரிடமே இருக்கும். அதை மறைத்து எழுதுவது, தராசின் ஒரு தட்டில் விரலை வைத்து அழுத்துவதற்கு ஒப்பாகும்.

மாநாட்டில் மேடை கிடைக்காத ஊர்மக்களும் உண்டு. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஏறத்தாழ 32,000 பேர் வாழ்கின்றனர். 2023இல் அங்கு வந்த கப்பல் பயணிகள் 16 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நெரிசலையும் இரைச்சலையும் பொறாத மக்கள் சிலர், சனிக்கிழமைகளில் பெரிய கப்பல்களே வரலாகாது என்று கோரினர். கடைக்காரர்களும் படகோட்டிகளும் தங்கள் பிழைப்பு கெடும் என்று எதிர்த்தனர். 2024 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் அக்கோரிக்கை தோற்றது. அதே ஆண்டு நகராட்சியும் கப்பல் நிறுவனங்களும் வேறோர் உடன்பாட்டிற்கு வந்திருந்தன: 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 படுக்கைகள், சனிக்கிழமைகளில் 12,000.

செய்தியை மேலோட்டமாகப் படிப்பவர் அதனை 16,000 பயணிகள் என்றே கொள்வார். உடன்பாட்டில் உள்ளதோ அறைக்கு இரண்டு படுக்கை என்னும் தொழிற்கணக்கு. கப்பல்கள் நூறு விழுக்காட்டுக்கு மேல் நிரம்பிவரும் கோடை நாள்களில், ஜூனோவின் தெருவில் இறங்குவோர் அந்த எண்ணைத் தாண்டக்கூடும்.