நடமாடும் கார்த் துப்புரவுத் தொழில்

வேலூரினின்று ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நின்று காண்போர்க்கு, நம் நாட்டில் மோட்டார் வண்டிகள் எத்துணைப் பெருகிவிட்டன என்பது எளிதில் விளங்கும். வண்டிகள் பெருகவே அவற்றைத் தூய்மை செய்யும் தொழிலும் பெருகிற்று. சாலையோரத்து ‘வாட்டர் சர்வீஸ்’ நிலையங்களை யாவரும் அறிவர். அவற்றினும் வேறாய், நீரையும் கருவிகளையும் உடன் சுமந்து, வண்டியுடையார் இல்லம் தேடிச் சென்று, காரின் உள்ளும் புறமும் நுணுக்கமாகத் துலக்கி மெருகேற்றித் தரும் தொழிலொன்று இந்நாளில் பரவி வருகின்றது. அதனைக் ‘கார் டீடெய்லிங்’ என்பர். அதற்கு வேண்டும் சாதனங்கள் யாவை, அதனை மக்கள் அறியச் செய்யும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

என் சிறிய தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையொன்றில் பல்லாண்டு பணியாற்றியவர். அவ்வேலை நின்றபின் இத்தொழிலை மேற்கொண்டார். விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாய்ச் சென்று யான் கண்டனவே இக்கட்டுரைக்கு அடிப்படையாம்.

முதற்கண் வேண்டுவது ஒரு சிறு சுமை வண்டி. மக்கள் ‘குட்டி யானை’ என அழைக்கும் வண்டி இதற்குப் போதும். 200 லிட்டர் நீர் 200 கிலோ எடையுள்ளது. ஆதலின் தொட்டியை அசையாது இறுகக் கட்டுதல் வேண்டும். அடுத்து, நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவு நீரை விசையுடன் பீய்ச்சும் பம்பும், அதனை இயக்க ஜெனரேட்டரோ, பாட்டரியுடன் கூடிய இன்வர்ட்டரோ வேண்டும். உட்புறத் தூசியை உறிஞ்ச வாக்குவம் கிளீனர் ஒன்றும், மைக்ரோஃபைபர் துணிகள் பலவும், வாளிகள் இரண்டும் இன்றியமையாதன. வாளி இரண்டு எற்றுக்கெனின், ஒன்று ஷாம்பு நீருக்கு, மற்றொன்று அழுக்குத் துணியை அலசுதற்கு. ஒரே வாளியாயின், துணியிற் படிந்த மணல் மீண்டும் வண்டியின் மேலேறி வண்ணத்தைக் கீறிவிடும். சக்கரம் துடைத்த துணி மேற்புறத்தைத் தீண்டலாகாது. இப்பகுதியிற் பல கிணறுகளின் நீர் உவர்ப்புடையது. வெயிலில் அது காய்ந்தால் வெண்புள்ளிகள் படியும். ஆதலின் நிழலிற் கழுவி உடனே துடைத்தல் நன்று.

இத்துணை முதலுக்கு எங்குச் செல்வது என ஏழை இளைஞர் மலைக்க வேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில், ‘சிசு’ என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ என்னும் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் ஈடு காட்டாது வங்கிக் கடன் பெறலாம்.

நிற்க. பொருளினும் சிறந்த முதல் ஒன்று நம்மவரிடம் உண்டு. அது தோலைப் பற்றிய அறிவேயாம். ஒருகால் யான் அறியாது, துணி துவைக்கும் சோப்பு நீரால் தோல் இருக்கையொன்றைத் தேய்க்கப் புகுந்தேன். சிறிய தந்தையார் என் கையைப் பற்றி, “தோல் ஒருமுறை சுண்ணாம்பு கண்டது போதும், தம்பி” என்றார். அதன் பொருள் பின்னரே விளங்கிற்று. பதனிடுங்கால் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைவர். பின் அக்காரத்தைப் போக்கி, அமிலத்திலிட்டு, குரோமிய உப்பேற்றுவர். ஆகவே முடிந்த தோல் சிறிது அமிலச் சார்புடையது. சோப்போ காரமுடையது, அது தோலை வறளச் செய்து, மேற்பூச்சையும் கெடுக்கும். காரமற்ற மென்மையான திரவத்தால் துடைப்பதே முறை. தோலெனச் சொல்லப்படுவனவெல்லாம் தோலும் அல்ல. அடிப்புறத்தில் நார் தோன்றின் தோல். நெய்த துணி தோன்றின் ரெக்ஸின். தோலறிந்த தொழிலாளி இவ்வேறுபாட்டை எளிதிற் காண்பான்.

இனி, நீரைப் பற்றிச் சொல்லாது விடின் இக்கட்டுரை குறையுடையதாகும். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் ஆலைகள் மிக்க பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாது போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை வற்புறுத்தி, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பல்லாயிரவர்க்கு உணவளித்த தொழிலே, கழிவு நீரைக் கணக்கில் வையாமையால், பாலாற்றுக்குப் பகையாயிற்று. புதிய தொழில் தொடங்குவோர் இதனை மறத்தல் தகுமோ? பெங்களூரிலும் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீர்ப்பஞ்சம் நேர்ந்தபொழுது, குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என அந்நகரத்துக் குடிநீர் வாரியம் ஆணையிட்டது.

நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ரப்பர்க் குழாயைக் கால் மணி நேரம் திறந்து வைப்பின் 150 லிட்டர் வீணாகும். பம்பினை 7 நிமிடம் இயக்கின் 42 லிட்டரே செலவாகும். தூசி மட்டும் படிந்த வண்டியை, வழுவழுப்பான திரவத்தைத் தெளித்து நீரின்றியே துடைக்கலாம். சேறு படிந்ததை அங்ஙனம் துடைத்தல் கூடாது, கீறல் விழும். ஓரம் உயர்ந்த விரிப்பொன்றை வண்டியின் கீழிட்டு, எண்ணெயும் அழுக்கும் கலந்த நீரைத் தேக்கி, பாதாளச் சாக்கடையிற் சேர்ப்பிப்பதே கடமை. ஏரிக்குச் செல்லும் கால்வாயில் விடுதல் பெரும் பிழை.

விளம்பரமோ எனின், வண்டியின் பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் கட்டணப் பட்டியலும் தெளிவாக எழுதப்பெறல் வேண்டும். கூகிள் வரைபடத்தில் தொழிலின் பெயரைப் பதிதல் செலவற்றது. துப்புரவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை உடையவர் இசைவு பெற்று, வண்டியெண்ணை மறைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். காலணித் தொழிற்சாலை அலுவலகங்களோடு மாத ஒப்பந்தம் செய்தல் நிலையான வருவாய் தரும். ஆம்பூர்ப் பிரியாணிக் கடைக்காரர் இசைந்தால், பயணிகள் உண்டு மீளும் அரைமணிப் பொழுதில் வண்டியின் உட்புறத்தைத் தூசி நீக்கித் தரலாம். ரம்ஜான், ஆயுத பூசை, கிறிஸ்துமஸ் ஆகிய பண்டிகைகளுக்கு முந்திய வாரங்கள் வேலை மிகும் காலமாம்.

எனினும் மெய்யுரையே தலையாய விளம்பரம். மெருகேற்றும்பொழுது வண்ணத்தின் மேலுள்ள மெல்லிய பூச்சிற் சிறிது தேய்கின்றது. ஆழ்ந்த கீறல் அதனால் மறையாது. ஒருவர் அத்தகைய கீறலைக் காட்டிக் கேட்டபொழுது, “இது என்னால் ஆகாது, காசு வேண்டா” என்றார் என் சிறிய தந்தையார். அவரே மறுவாரம் தம் உறவினர் இருவரை அனுப்பினார்.

அன்பர்காள்! கற்றோர்க்குக் கைத்தொழில் இழிவன்று. தோலறிவும், நீர்ச்சிக்கனமும், நாணயமும் உடையார்க்கு இத்தொழில் சோறிடும். பாலாற்றுக்கும் கேடு செய்யாது.