விஞ்ஞானக் கற்பனை நாடகங்களின் புதிய பருவங்கள்

வயல் சூழ்ந்த ஊரிற் பிறந்தார்க்குப் பருவம் என்பது யாதென எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. காலபோகம் பொய்த்தாற் சிறுபோகத்தை நோக்கியிருப்பர். அதுவும் பொய்த்தால் அடுத்த மாரியை எண்ணியிருப்பர். மேல்நாட்டுத் தொலைக்காட்சியாரும் ஒரு நாடகத் தொடரின் ஓராண்டு விளைவைப் 'பருவம்' என்றே வழங்கி வருகின்றனர். முன்னாளில் அமெரிக்க நாட்டிலே செப்டெம்பர் மாதமளவிற் தொடங்கும் தொடர், வாரத்திற்கு ஓரங்கமாக வளர்ந்து, கோடை தொடங்குமுன் முடிவெய்தி, மறு செப்டெம்பரிற் புதிய பருவமாக வரும். இன்று அப்பெயர் மாத்திரமே எஞ்சியிருக்கின்றது. லண்டன் மாநகரில் வதியும் பழைய மாணவனாகிய யான், அண்மை ஆண்டுகளில் வெளிவந்த விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களின் புதிய பருவங்கள் சிலவற்றைப் பார்த்தபோது எழுந்த எண்ணங்களை இம்மலரில் எழுதத் துணிகின்றேன். நாடகப் புலமையோ விஞ்ஞானப் புலமையோ எனக்கில்லை. பார்வையாளன் என்னும் உரிமை ஒன்றே உண்டு.

எண்ணிக்கையை முதற்கண் நோக்குவோம். பி. பி. சி. நிறுவனத்தார் 1963 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் தொடங்கிய 'டொக்டர் ஹூ' நாடகத்தின் முதற் பருவத்தில், வாரந்தோறும் ஒன்றாக 42 அங்கங்கள் வெளிவந்தன. 1989 இல் நிறுத்தப்பட்ட அந்நாடகம் 2005 இல் மீண்டும் உயிர்பெற்றபோது பருவத்திற்கு 13 அங்கங்களாயின. அங்கத்தின் நீளம் மாத்திரம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. 2024, 2025 ஆகிய ஆண்டுகளின் பருவங்களோ எட்டு அங்கங்களே கொண்டவை. 1966 இல் தொடங்கிய 'ஸ்ரார் ட்ரெக்' முதற் பருவத்தில் 29 அங்கங்கள் இருந்தன. அதன் வழித்தோன்றலாக 2022 இல் வந்த 'ஸ்ட்ரேஞ் நியூ வேல்ட்ஸ்' பருவத்திற்குப் பத்தோடு நிற்கின்றது. அதன் இரண்டாம் பருவம் 2023 ஓகஸ்டில் முடிய, மூன்றாம் பருவம் 2025 ஜூலையிலேதான் தொடங்கிற்று.

இதற்குக் காரணங்கள் பல. ஓரங்கத்திற்குச் செலவாகும் பணமும் உழைப்பும் திரைப்படத்திற்கு நிகராக உயர்ந்துவிட்டன. முன்பு விளம்பரதாரர் பொருட்டு வாரந்தோறும் ஒரு மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். இன்று இணையவழித் தொலைக்காட்சிக்குச் சந்தா செலுத்துவோரைப் பிரியாது வைத்திருத்தலே நோக்கம். 2023 இல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாட்கள் செய்த வேலைநிறுத்தமும், அவ்வாண்டே நடிகர்கள் செய்த வேலைநிறுத்தமும் படப்பிடிப்புக்களைப் பின்தள்ளின. அவர்கள் கேட்டவை நியாயமானவையென்றே யான் கருதுகின்றேன். ஆதலின் அவர்களை நோவதற்கில்லை.

அங்கங்கள் குறைந்தால் நட்டமென்ன, பொறுக்கியெடுத்த மணிகள் போல எட்டுக் கிடைத்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். யானும் சில காலம் அவ்வாறே எண்ணினேன். பின்னர் ஒருநாள், 1989 பெப்ரவரியில் ஒளிபரப்பான 'ஸ்ரார் ட்ரெக்' அடுத்த தலைமுறைத் தொடரின் அங்கமொன்றை மறுபடி பார்க்க நேர்ந்தது. இரண்டாம் பருவத்தைச் சேர்ந்த அவ்வங்கத்தின் பெயரைத் தமிழில் 'ஒரு மனிதனின் அளவு' எனலாம். டேட்டா என்னும் இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்த்து அவன் போன்ற பலரைச் செய்ய ஓர் ஆராய்ச்சியாளன் விரும்புகின்றான். டேட்டா மறுக்கின்றான். மறுக்கும் உரிமை அவனுக்குண்டோ, அன்றி அவன் அரசாங்கத்தின் உடைமையோ என்பது வழக்கு. கப்பற் தலைவர் அவன் பக்கம் வாதாட, அவனுடைய நண்பனாகிய ரைக்கரே எதிர்வாதஞ் செய்யக் கட்டாயப்படுத்தப்படுகின்றான். அந்நண்பன் டேட்டாவின் முதுகிலுள்ள விசையை அழுத்த, பேசிக்கொண்டிருந்தவன் பொம்மைபோலச் சரிந்து விழுகின்றான். வெற்றி கிட்டும் என்றறிந்த ரைக்கரின் முகம் கறுக்கும் கறுப்பை யான் இன்றும் மறக்கவில்லை. இவ்வங்கத்திலே போருமில்லை, வெடிப்புமில்லை. பெரும்பகுதி ஓரறையில் நிகழும் பேச்சே. அதே பருவத்தின் இறுதியங்கமோ, பணம் மிச்சம்பிடிக்கும் பொருட்டுப் பழைய காட்சிகளை ஒட்டித் தைத்த கந்தை. ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட அங்கங்களை நிரப்பவேண்டிய நெருக்கடியில் அக்கந்தையும் பிறந்தது, அம்மணியும் பிறந்தது. எட்டே அங்கங்களுள்ள பருவத்திற் கந்தைக்கு இடமில்லைத்தான். ஆயின், கப்பலை நிறுத்திவைத்து ஒருவன் மனிதனோ உடைமையோ என்று ஒரு மணி நேரம் பேசுவதற்கும் இடமில்லாது போகின்றது.

'டொக்டர் ஹூ' இதற்குத் தக்க சான்று. 2024 ஆம் ஆண்டுப் பருவத்திலே 'டொட் அன்ட் பபிள்' என்றோர் அங்கம் வந்தது. தம் முகத்தைச் சுற்றி வட்டமிடும் திரைகளையன்றிப் பிறிதொன்றையும் பாராத செல்வந்த இளைஞர் கூட்டமொன்று, தம்மைக் காக்க வந்தவனின் தோலின் நிறங்கண்டு அவனோடு வர மறுத்து, அழிவை நோக்கித் தாமே நடந்து செல்கின்றது. கதை முழுவதிலும் ஓரிடத்தேனும் நிறம் என்ற சொல் வாய்திறந்து சொல்லப்படவில்லை. இறுதிக் காட்சியில் ஷுட்டி கற்வா என்னும் நடிகர் அழுதும் நகைத்தும் கதறும் கதறல் நெஞ்சை அறுப்பது. இத்தகைய ஆற்றலுடையார் எழுதிய அப்பருவத்தின் முடிவு எவ்வாறிருந்தது? 1975 ஆம் ஆண்டுக் கதையொன்றிற் தோன்றிய சூதேக் என்னும் பழம்பகைவன் எழுப்பப்பட்டான். மறுபருவ முடிவிலே அதனினும் பழைய ஒமேகா வந்தான். கதைமாந்தரோடு பழகப் போதிய வாரங்கள் கிடையாமையால், எம் நினைவிலுள்ள பழம்பெயர்களைக் கூவியழைத்து எம்மை நடுங்கச் செய்யலாமென எண்ணினர் போலும். யான் நடுங்கவில்லை. என் பேர்த்திக்கோ அப்பெயர்களே தெரியா.

இடைவெளியின் தீமையை எனக்கு நன்குணர்த்தியது 'செவரன்ஸ்' என்னும் தொடர். அலுவலகத்துள் இருக்கும்போது வெளியுலக நினைவும், வெளியே வந்தால் அலுவலக நினைவும் இல்லாதவாறு மூளையிற் கருவி பொருத்தப்பட்ட ஊழியரின் கதை அது. முதற் பருவம் 2022 பெப்ரவரியிற் தொடங்கியபோது என் பேர்த்தி பதினாறு வயதுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பருவம் 2025 ஜனவரியில் வந்தபோது பல்கலைக்கழகத்து விடுதியிலிருந்தாள். தொலைபேசியில் அழைத்து, "அப்பப்பா, அந்த மனிதனின் மனைவி உயிரோடிருப்பதாகக் கண்டது கனவா, மெய்யா?" என்று கேட்டாள். எனக்கும் தெளிவில்லை. நினைவை இழந்த ஊழியரின் கதையை நினைவிழந்த பார்வையாளர் பார்த்தோம்.

அப்பருவத்திற் புதிர்கள் பெருகின, அவிழ்ந்தவை சில. அலுவலகத்தினுள் ஆடுகள் வளர்க்கப்படுவதன் முழுப்பொருளை இன்னும் எத்தனை ஆண்டு கழித்து அறிவோமோ அறியேன். எனினும் அதன் இறுதியங்கத்தில் ஓருரையாடல் உண்டு. ஒருவனே இருவராகி, வாசலுக்கு உள்ளே ஒருவனும் வெளியே ஒருவனுமாக மாறிமாறி நின்று, ஒளிப்பதிவுக் கருவியிற் தம் பேச்சைப் பதிந்து பேசிக்கொள்கின்றனர். வெளியிலிருப்பவன் தன் மனைவியை மீட்க உதவுமாறு இரக்கின்றான். உள்ளிருப்பவனோ, அவள் மீண்டபின் எனக்கு வாழ்வுண்டோ என்கின்றான். வெளியிலிருப்பவன் இனிமையாகத்தான் பேசுகின்றான். ஆனால் மற்றவன் காதலிக்கும் ஹெல்லி என்னும் பெண்ணின் பெயரைப் பிழையாகச் சொல்லிவிடுகின்றான். அப்பிழையோடு நம்பிக்கை அற்றுவிடுகின்றது. பிறருடைய வாழ்வைத் தம் வசதிக்கு ஏவலாகக் கொள்வார் அவர் பெயரைக்கூடச் சரியாக அறியார் என்பதை இதனினும் சுருங்க எவரும் காட்டியதில்லை. இக்காட்சி அந்த ஒரு மணி நேர டேட்டா வழக்கின் தம்பி.

யான் பார்த்தவற்றுள் தலையாயது 'அன்டோர்' தொடரின் இரண்டாம் பருவமே. முதற் பருவம் 2022 இலும் இரண்டாவது 2025 ஏப்ரல், மே மாதங்களிலும் வந்தன. பன்னிரண்டு பன்னிரண்டாக மொத்தம் 24 அங்கங்கள். இதனை ஆக்கிய ரோனி கில்றோய், ஆண்டுக்கொரு பருவமாக ஐந்து பருவங்கள் எடுக்கவே முதலிற் திட்டமிட்டார். அவ்வேகத்திற் சென்றால் நடிகர் முதுமையெய்தியும் கதை முடியாதென்பதைக் கண்டு, எஞ்சிய நான்கு ஆண்டுக் கதையையும் ஒரே பருவத்துள் அடக்கினார்: மும்மூன்று அங்கங்கள் ஓராண்டின் சில நாட்களைக் காட்டும், பின் ஓராண்டு தாவப்படும். கதை எங்கே முடியுமென்பதும் ஐயமற்றது. 2016 இல் வெளிவந்த 'ரோக் வன்' திரைப்படத்தின் வாசலிற் கொண்டுபோய் விடவேண்டும். நாயகன் அப்படத்திலே மடிவதை யாவரும் அறிவோம். மேற்கொண்டு இழுத்தடிக்க வழியில்லாமையே இந்நாடகத்திற்கு நன்மையாயிற்று.

குறையில்லையென்று சொல்லேன். முதல் மூன்றங்கங்களிற் காட்டினுள்ளே சச்சரவிடும் கிளர்ச்சிக்காரரோடு நாயகன் அகப்பட்டுக் கிடக்கும் பகுதி வீண். ஆனால் நடுவிலே கோர்மன் என்னும் உலகின் கதை வருகின்றது. சிலந்திப் பட்டு நெய்து வாழும் மக்களின் நாடு அது. அதன் நிலத்தடியிலுள்ள கனியமொன்று பேரரசுக்கு வேண்டும். அகழ்ந்தால் நாடு அழியும். ஆதலின் முதலில் அம்மக்கள் செருக்கர், நன்றிகெட்டார் என்னும் பேச்சு செய்தித்தாபனங்கள் வழியே பரப்பப்படுகின்றது. அடுத்து, அவர்களுட் கிளர்ச்சி முளைப்பது தடுக்கப்படாது வளரவிடப்படுகின்றது. ஈற்றில், சதுக்கத்திலே கூடி நின்று தம் நாட்டுப் பாடலைப் பாடும் மக்கள் முன்னே, பேரரசின் ஆளே தன் படைவீரன் ஒருவனை மறைந்திருந்து சுடுகின்றான். அவ்வொரு வெடியோடு கொலை தொடங்குகின்றது. அடுத்த அங்கத்தில் மொன் மொத்மா என்னும் பெண்மணி பேரவையிலே எழுந்து நடந்ததை அதன் பெயரால் அழைக்கின்றார். அவ்வங்கத்தை எழுதிய டான் கில்றோய்க்கு 2025 இல் எமி விருது கிடைத்தது.

அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் விளக்கைப் போடவுமில்லை, பேசவுமில்லை. என் மனைவி எழுந்துபோய்த் தேநீர் போட்டு வந்தாள். விண்வெளியும் வேற்றுலகமும் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கெனப் பல காலம் என்னை நகையாடியவள் அவள். மறுவாரம் நேரத்திற்கு முன்பே நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

'செவரன்ஸ்' தொடருக்கு மூன்றாம் பருவம் உண்டென 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். பேர்த்தியிடம் சொன்னேன். தான் பட்டம் பெறுவதற்குள் அது வருமாயின் விடுமுறைக்கு வந்து எங்களோடிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றாள். அதற்குள் முதலிரண்டு பருவங்களையும் மறுபடி பார்த்து, யார் யாருடைய மனைவி என்பதை ஒரு தாளில் எழுதி வைக்குமாறும் பணித்திருக்கின்றாள்.