கருவுற்ற தாயும் தைராய்டு மாத்திரையும்

நமது சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லுமிடங்களில், கணக்குகள் முடிந்தபின் அங்கத்தினர் குடும்பங்களின் நலத்தையும் விசாரிப்பது வழக்கம். அப்பொழுது நாம் பலகாலும் கேட்பது இது: "மருமகள் உண்டாகியிருக்கிறாள், அதனால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டோம்." குழந்தையின்மீது கொண்ட அக்கறையால் செய்யப்படும் இக்காரியம் அக்குழந்தைக்கே தீங்காய் முடியக்கூடும்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்த சிறு சுரப்பி. அதில் ஊறும் தைராக்சின் உடலுறுப்புகள் இயங்கும் வேகத்தை நிர்ணயிக்கின்றது. அது குறைந்தால் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை முதலியன தோன்றும். இவற்றுட் சில சாதாரணக் கர்ப்பத்திலும் உள்ளனவே, ஆதலின் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையின்றி முடிவு கட்டலாகாது.

சிசுவின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்குவது ஏறக்குறைய 12 வாரங்களுக்குப் பின்னரே. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் தாயிடமிருந்தே செல்லவேண்டும். 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், இக்குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகள், ஏனைய குழந்தைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் சராசரி 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றனர். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும் அபாயமும் உண்டு. மிக இலேசான குறைபாட்டுக்கு மருந்து வேண்டுமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை இருப்பினும், முன்னரே மருந்துண்போர் அதை நிறுத்தலாகாது என்பதில் வேற்றுமை இல்லை.

நிறுத்துவதிருக்கட்டும், கர்ப்பத்தில் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு 25 முதல் 50 சதவீதம்வரை தேவை உயரும்; அதுவும் முதல் சில வாரங்களிலேயே. ஆகவே நாள் தள்ளியவுடன் மருத்துவரிடம் செல்லவேண்டும். வாரம் 7 மாத்திரை உண்பவரை 9 உண்ணுமாறு அவர் கூறினால் வியப்படைய வேண்டாம். கர்ப்பத்தின் பாதிக்காலம்வரை 4 வாரங்களுக்கொருமுறை இரத்தம் பார்த்து, டி.எஸ்.எச். அளவு 2.5க்குக் கீழ் இருக்குமாறு மருந்தைத் திருத்துவார்கள்.

மற்றொரு செய்தி சிறிதெனினும் பலர் அறியாதது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். அவையும் அவசியமே. ஆனால் மூன்றையும் காலைக் காப்பியோடு ஒருசேர விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரிவர ஏறாது. பரிசோதனையில் அளவு குறையவில்லையே என்று வீணே மயங்க நேரிடும். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் தைராய்டு மாத்திரை. அரைமணி முதல் ஒருமணி கழித்துக் காப்பி, பலகாரம். மற்ற மாத்திரைகள் 4 மணி நேரம் சென்றபின். விடியுமுன்னரே பாவோட்டவும் களைபறிக்கவும் புறப்படும் தாய்மார், மாத்திரையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வது நலம்.

பிரசவத்திற்குப்பின் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் மீண்டும் பரிசோதிப்பார்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.