மெலிந்த உடலிலும் நீரிழிவு

சர்க்கரை வியாதி செல்வந்தரின் வியாதி, உண்டு கொழுத்தவர்க்கே அது வரும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் அகலவில்லை. பாலாற்றங்கரையை ஒட்டி இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிட்டும் காலணி தைத்தும் பிழைக்கும் குடும்பங்கள் பல. அங்கு, சிறு வயது முதல் அரைவயிறு உண்டு மெலிந்த ஓர் இளைஞனுக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறினால், வீட்டார் எளிதில் நம்புவார்களா?

எனினும் அத்தகைய நீரிழிவு உண்டு. 1955-இல் ஹியூ-ஜோன்ஸ் என்னும் மருத்துவர் ஜமைக்காத் தீவில் அதனைக் கண்டு எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் அதனை ஊட்டக்குறைவைச் சார்ந்த நீரிழிவு எனத் தனி வகையாக ஏற்றது. போதிய சான்றில்லை என்று 1999-இல் நீக்கியும் விட்டது. ஏழையின் நோய்க்கு ஏட்டில் இடம் கிடைப்பதும் அரிது போலும்! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் நிஹால் தாமஸ் முதலியோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் தனித்தன்மை உடையது என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என ஏற்றுக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிகிச்சையே இதில் அடங்கியிருக்கிறது. இந்நோயாளிகளை முதல் வகையினர் என்று கருதிவிடுவது எளிது; இரு சாராரும் இளையோர், மெலிந்தோர், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தோர். வேறுபாட்டைப் பெரிதும் காட்டிக்கொடுப்பது கீட்டோன். இன்சுலின் அறவே இல்லாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கிறது. அப்போது ஈரலில் கீட்டோன் என்னும் பொருள் மிகுதியாக உண்டாகி, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழவாடை ஆகியன அதன் அடையாளங்கள். காலந்தாழ்த்தினால் உயிருக்கே அபாயம். முதல் வகையினர் ஊசியைத் தவறவிட்டால் இந்நிலை விரைவில் நேரும். ஐந்தாம் வகையினர்க்கோ, சர்க்கரை மிக உயர்ந்திருந்தும் கீட்டோன் பெரும்பாலும் பெருகுவதில்லை. அவர்களுடைய கணையம் சிறிதளவேனும் இன்சுலினைச் சுரப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே முதல் வகைக்குரிய அளவில் இவர்களுக்கு இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். வீட்டில் உணவும் போதவில்லையெனில் கேட்கவே வேண்டாம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, தேநீர் மட்டும் அருந்தி, ஷூ கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பத்து மணியளவில் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. சற்றுப் பொறுத்துப் பேச்சும் தடுமாறுகிறது. எதிரே தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனிருப்பவர் அதைத் தூக்கக் கலக்கம் என்று எண்ணிவிடக்கூடும்.

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்நிலை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கச் செய்ய வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மறுமுறையும் கொடுத்து, பின்னர் உணவளிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்ணும் முதியோர்க்குச் சர்க்கரை தாழ்ந்தால், தெளிந்த பின்னும் மீண்டும் தாழக்கூடும்.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள் முன்னதாக மருத்துவரைக் கேட்பது அவசியம். நோயுற்றோரைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆம்பூரில் நம் அண்டை வீட்டாராகிய இஸ்லாமியருக்கும் ரமலான் நோன்பில் இத்தகைய விலக்கு உண்டு.

இதைப் படித்துவிட்டு எவரும் ஊசியைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. தம் நோய் எவ்வகையென மருத்துவரிடமே கேட்கட்டும். சிறுநீரில் கீட்டோனையும், கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடையும் பரிசோதிக்க வழியுண்டு. அதுவரை ஊசிக்குப் பின் காலை உணவு தவறாதிருக்கட்டும். டிபன் பாக்ஸோடு ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையும் போகட்டும். அது எதற்கென்று பக்கத்து எந்திரத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.